இரண்டாம் அளவு

பிப்ரவரி 3, திங்கள்

இன்று முதல் எனக்கு இன்னொரு பட்டம்: ஊதச் சொல்லும் மேடம்.

வள்ளியூருக்கு வெளியே நாற்கரச் சாலை ஓரம் எங்கள் நர்சிங் கல்லூரி. பதினோரு வருடமாக இங்கே ட்யூட்டர். ஊசி எந்த இடத்தில் போடுவது, படுத்த படுக்கையாகக் கிடப்பவரைப் புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று சொல்லிக் கொடுத்துக் காலம் தள்ளியவள். இனி காலை ஆறு மணிக்கு கேட்டில் நின்று, பிள்ளைகள் வாயில் குழாய் வைத்து மது சோதனை செய்ய வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் பயிற்சிக்குப் போகிற நாகர்கோவில் தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வார்டுக்குள் கால் வைக்கும் ஒவ்வொரு மாணவரும் தினமும் ஊத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதைப்பொருள் சோதனைக்குச் சிறுநீரும் கொடுக்க வேண்டும். வேறு ஏதோ கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் தள்ளாடிக்கொண்டு டியூட்டிக்கு வந்தார்களாம். யாரோ குடித்ததற்கு எங்கள் பிள்ளைகள் ஊதுகிறார்கள்.

பிரின்சிபல் ரோஸ்லின் மேடம் கூப்பிட்டு, மெஷினையும் ஒரு புது ரிஜிஸ்டரையும் என் கையில் கொடுத்தார். "இத நீங்களே பாத்துக்கிடுங்க செல்வி. உங்களுக்குத்தான் மூக்கு நல்லா வேல செய்யும்" என்றார். என்ன அர்த்தத்தில் சொன்னார் என்று கேட்கவில்லை. என் மூக்கைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

ரிஜிஸ்டரில் கட்டம் கட்டி வைத்திருக்கிறார்கள். பெயர், நேரம், முதல் அளவு, இரண்டாம் அளவு, கையெழுத்து. முதலில் ஏதாவது எண் காட்டினால் பதினைந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி ஊதச் சொல்லி இரண்டாம் அளவு எழுத வேண்டும்.

வீட்டுக்காரர் இன்று கடை திறக்கவில்லை. வயிறு சரியில்லை. மோட்டார் ரீவைண்டிங்குக்குக் கொடுத்தவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார்கள். மிளகு ரசம் வைத்துக் கொடுத்தேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

முதல் நாள். முப்பத்தெட்டுப் பேர். அதில் பையன்கள் ஐந்து. பெண்கள் பிறந்தநாள் மெழுகுவர்த்தியை அணைப்பது போல ஊதிவிட்டு ஓடுகிறார்கள். "இழுத்து ஊதுட்டி, பத்து எண்ணுற வரைக்கும்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. எல்லோருக்கும் பூஜ்யம்.

பஸ் டிரைவர் ராமையா வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கிட்ட ஊதச் சொல்ல மாட்டேங்கியளே மேடம்?" என்றார். கடிதத்தில் மாணவர் என்றுதான் போட்டிருக்கிறது. முப்பத்தெட்டு உயிரை ஏற்றிக்கொண்டு போகிறவருக்குச் சோதனை இல்லை. ஆபரேஷன் செய்கிற டாக்டருக்கும் இல்லை. கட்டில் விரிப்பு மாற்றப் போகிற பிள்ளைக்கு உண்டு.

பிப்ரவரி 6, வியாழன்

சிறுநீர் சோதனை. கழிவறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கலந்துவிடக் கூடாதாம், அதனால் குழாயை வெளியே மூடிவிட்டார்கள். ஒரு பெண்ணுக்குப் பயத்தில் வரவே இல்லை. ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து, அழுது, கடைசியில் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தாள். எல்லோருக்கும் ஒன்றுமில்லை என்றே வந்தது. இதற்காக நான் எம்.எஸ்ஸி. படித்தேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

எல்லாம் பூஜ்யம். மகள் மதிவதனிக்கு ரிவிஷன் தேர்வு. காலையில் அவளுக்குத் தலை பின்ன நேரமில்லாமல் கிளம்பினேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

வகுப்பில் இருந்தபோது போன். வீட்டுக்காரர் காப்பர் வயர் வாங்க நாகர்கோவில் போனவர், வடசேரி தாண்டி பைக்கிலிருந்து விழுந்துவிட்டார். ரோட்டில் ஈரம், சறுக்கிவிட்டது. ஆட்டோக்காரர் நம் பிள்ளைகள் போகிற அதே ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்திருக்கிறார். நான் போய்ச் சேர மூன்று மணி ஆகிவிட்டது. புருவத்தில் ஆறு தையல். தூங்கிக்கொண்டிருந்தார். முகம் துடைத்து, சட்டை மாற்றி, யாரோ சுத்தமாக வைத்திருந்தார்கள்.

நல்லவேளை, எங்கள் பஸ் இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டது. அங்கே தெரிந்த முகம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோக்காரரிடம், "இங்க மழ பெஞ்சுதோ?" என்று கேட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பொங்கலுக்கு முந்தி பெஞ்சது" என்றார். யாராவது வாசல் கழுவின தண்ணீராக இருக்கும்.

பிப்ரவரி 13, வியாழன்

வார்டில் மூன்றாம் வருடப் பையன் ஒருவன் காய்ச்சல், நாடி, மூச்சு எழுதுகிற சார்ட்டை நீட்டினான். எல்லோருக்கும் 98.4, 72, 18. பதினான்காம் கட்டிலுக்கும் அதே. அந்தக் கட்டில்காரர் நேற்றே வீட்டுக்குப் போய்விட்டார்.

"காலிக் கட்டிலுக்கு எப்படிப்பா காய்ச்சல் பாத்த?" என்றேன். தலையைச் சொறிந்தான். வெளியே கூட்டிப்போய் நன்றாகக் கொடுத்தேன். கட்டம் காலியாகக் கிடந்தால் ஸிஸ்டர் திட்டுவார், நிரப்பியிருந்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இந்தத் தொழிலின் சாபமே அதுதான். முதல் வருடம் நானும் எழுதியவள்தான். யார் எழுதவில்லை?

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று ஒன்று சிக்கியது.

நான்காம் வருடம் பெனிலா. குலசேகரம் பக்கம், அம்மா ரப்பர் பால் வெட்டப் போகிறவர். வகுப்பில் முதல் ஐந்துக்குள் வருகிற பெண். யாருக்காவது வாந்தி வந்தால் மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நகரும்போது, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போகிறவள்.

கடைசியாக ஓடி வந்தாள். 6.36. ஊதினாள். 61 காட்டியது. முப்பதைத் தாண்டினாலே போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். "என்னட்டி குடிச்ச?" என்றேன். பஸ் ஜன்னலில் ஐந்து பையன்களின் தலைகளும் எட்டிப் பார்த்தன. அவள் முகம் சிவந்து, "ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

ராமையா ஹாரன் மேல் ஹாரன். "மேடம், ஏழரைக்கு அங்க நிக்கலன்னா அந்த சூப்ரண்டு என்னையத்தான் நாக்கப் புடுங்குற மாதிரி கேப்பா" என்றார். இரண்டாம் அளவு 54. கையெழுத்துப் போட்டேன். அவளை ஏற்றாமல் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிட்டு 6.42க்குப் பஸ் கிளம்பியது.

பிப்ரவரி 19, புதன்

பெனிலாவை விசாரணை முடியும் வரை வார்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவு. பயிற்சி நேரம் குறைந்தால் இறுதித் தேர்வு எழுத முடியாது. ஒரு வருடம் போய்விடும். அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து எழுத வேண்டும், அதுவும் குடித்துவிட்டு வந்தவள் என்ற பெயரோடு.

மத்தியானம் செய்முறை லேபில் பொம்மைகளுக்குப் போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். வந்து நின்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு பிரவுன் பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தாள். அசோகாரிஷ்டம்.

"மாசத்துல பதினஞ்சு நாளு போகுது மேடம். ஊர்ல வைத்தியர் தந்தது. ஹாஸ்டல்ல வெளி மருந்து வைக்கக் கூடாதுல்லா, அதனால பெட்டிக்கு அடியில வச்சிருந்தேன். நேத்து லேட் ஆயிட்டு. சாப்பிட்ட கையோட ரெண்டு மூடி குடிச்சுட்டு ஓடி வந்தேன்."

"அத அப்பமே சொல்லதுக்கு என்ன?"

"பசங்க எல்லாம் பாத்துட்டு இருந்தாங்க மேடம்."

பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். தானாக உண்டாகும் ஆல்கஹால் இத்தனை சதவீதம் என்று அச்சிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் பெரிய மனுஷி ஆனவளுக்கும் அரிஷ்டம் கொடுக்காத வீடு உண்டா? எனக்கே மதிவதனி பிறந்தபோது மூன்று பாட்டில் கொடுத்தார்கள்.

"பாப்போம், போ" என்று அனுப்பினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மெஷின் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை இன்றுதான் முழுதாகப் படித்தேன். வாயில் ஒட்டியிருக்கும் மருந்து, மவுத்வாஷ் எல்லாம் பெரிய எண் காட்டும், பதினைந்து நிமிடத்தில் அது மறைந்துவிடும், உண்மையில் குடித்தவருக்கு மறையாது, ஆகவே இரண்டாம் அளவுதான் செல்லும் என்று போட்டிருக்கிறது.

அந்த 54ஐப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

மெஷின் என் பொறுப்பு என்பதால் சார்ஜ் போட வீட்டுக்கு எடுத்து வந்தேன். வரும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் அதே அரிஷ்டம் ஒரு பாட்டில்.

பதினோரு மணிக்கு இரண்டு மூடி குடித்துவிட்டு ஊதினேன். 58. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்தேன். பதினைந்து நிமிடம் கழித்து ஊதினேன். பூஜ்யம்.

கண்ணில் நீர் வந்தது. வெங்காயத்தால் அல்ல. அந்தப் பெண் தப்பித்துவிட்டாள் என்றே நினைத்தேன். நாளைக் காலை ரோஸ்லின் மேடத்திடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். சாப்பாடுகூட ருசியாக இறங்கியது.

மூன்று மணிக்கு வீட்டுக்காரர் ஒரு புது வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டு வந்தார். அசதியாக இருந்தார். மதிவதனி மேஜையிலிருந்த மெஷினை எடுத்து, "அப்பா, இதுல ஊதுங்க" என்று நீட்டிவிட்டாள். அவரும் சிரித்துக்கொண்டே ஊதினார். நான் அடுக்களையிலிருந்து வருவதற்குள் முடிந்துவிட்டது.

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்று வாசித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "முப்பதுக்கு மேல போனா போலீஸ் புடிக்கும்னு சொன்னல்லாம்மா?" என்றாள்.

மெஷினைப் பிடுங்கி உள்ளே வைத்தேன். அவருக்கு இரண்டு நாளாக இருமல், சிரப் குடிக்கிறார். இந்த மெஷினை முழுக்க நம்பவும் முடியாது.

பிப்ரவரி 24, திங்கள்

காலையில் பிரின்சிபல் அறைக்குப் போனேன். சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். உள்ளே நிர்வாக அலுவலர் பொன்னுலிங்கம் சார் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க மேடம், உங்களத்தான் பேசிட்டு இருந்தோம். வெள்ளிக்கிழம கமிட்டி. மெஷினக் கொண்டு வந்துருங்க. அதுல மெமரி இருக்கு. கடைசி ஐநூறு அளவு, தேதி நேரத்தோட அப்படியே நிக்கும். கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தா தீந்துச்சு. யாரும் ஒண்ணும் பேச முடியாது."

"சரி சார்" என்றேன். ரோஸ்லின் மேடம், "என்ன விஷயமா வந்தீங்க செல்வி?" என்றார். அடுத்த வாரம் அரை நாள் லீவு கேட்க வந்ததாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மெமரியில் பதினெட்டாம் தேதி 6.36க்கு ஒரு 61 இருக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. ஏனென்றால் ஒன்றும் எடுக்கவில்லை. ராமையா ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், கட்டம் காலியாக இருந்தது, நிரப்பினேன். அவ்வளவுதான். நேரத்தையும் 6.20, 6.35 என்று எழுதினேன்.

இருபத்துமூன்றாம் தேதி, ஞாயிறு. 58, பூஜ்யம், 142.

முதல் இரண்டும் அந்தப் பெண்ணைக் காப்பாற்றும். மூன்றாவதைப் பார்த்து பொன்னுலிங்கம் சார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பார்: இது யாரு மேடம்?

பிப்ரவரி 25, செவ்வாய்

ஸ்டாஃப் ரூமில் யார் வீட்டுச் சண்டையானாலும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். "செல்வி மேடத்துக்கென்ன, வீட்டுல சார் வாயத் தொறக்க மாட்டாவ" என்பார்கள். பதினெட்டு வருடமாகக் கட்டிக் காப்பாற்றிய பெயர். என் அம்மாவுக்கே தெரியாது.

தெரிவதற்கு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 26, புதன்

காலையில் அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். மெஷினைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன். கடையில் கருகிய மோட்டாரையெல்லாம் அவிழ்த்துக் கட்டுகிறவர், இந்தச் சின்னப் பெட்டி எம்மாத்திரம்.

"இதுக்குள்ள பழசு எல்லாம் நிக்குதாம். அத அழிக்கணும்" என்றேன்.

"எத?"

"எல்லாத்தையும்."

தம்ளரைக் கீழே வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊதியது அவருக்கு நினைவு இருந்திருக்கிறது. அந்தப் பெண் விஷயத்தை நான் மதிவதனியிடம் சொன்னதும் அவர் காதுக்குப் போயிருக்கிறது. "அந்தப் புள்ளைக்கு இது வேணும்லா?" என்றார்.

எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. "அந்தப் புள்ளயப் பத்தி நீங்க பேசாதிய" என்றேன். பேச அவருக்கு என்ன யோக்கியதை? வேறு யாரால் நான் இப்படி நிற்கிறேன்?

திருப்புளியை எடுத்தார். காலை வேளை, கை நடுங்கியது. இரண்டு தடவை திருகு நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே எதையோ நெம்பினார். மூடி மாட்டிக் கொடுத்தபோது மெஷின் எரியவில்லை. மறுபடி திறந்து பார்த்தார். எரியவில்லை.

"செத்துப் போச்சு" என்றார். இன்று கடை திறக்கப் போகவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 28, வெள்ளி

மெஷின் புதன்கிழமை பஸ்ஸில் கைதவறி விழுந்துவிட்டது, அன்றிலிருந்து சோதனை எடுக்கவில்லை என்றேன். பொன்னுலிங்கம் சார் தட்டிப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். "சரி, ரிஜிஸ்டர் இருக்குல்லா, அது போதும்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நர்சிங் சூப்பிரண்டு வந்திருந்தார். பெனிலா பாட்டிலைக் கொண்டுவந்திருந்தாள், வைத்தியர் எழுதிய சீட்டும் இருந்தது. கமிட்டியின் மூன்று பேர் முன்னால், அதில் ஒரு ஆண் முன்னால், மாதத்தில் எத்தனை நாள் என்பதுவரை சொன்னாள். தலை குனியவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சூப்பிரண்டு நல்ல மனுஷி. பொறுமையாகக் கேட்டார். பிறகு ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினார். "நீ சொல்றது உண்மைன்னா, வாயில இருந்த மருந்து பதினஞ்சு நிமிஷத்துல போயிருக்கணும்மா. இங்க ரெண்டாவது அளவும் 54 இருக்கே. அது வயித்துக்குள்ள போனதுக்குத்தான் காட்டும்."

"நான் ஒரு தடவதான் ஊதினேன் மேடம்" என்றாள் பெனிலா.

பொன்னுலிங்கம் சார் என் பக்கம் திரும்பினார். "மேடம்?"

பெனிலாவும் என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. மேடம் சொல்லிவிடுவார் என்று நம்பிக் காத்திருக்கிற பார்வை. ஊசி போடக் கற்றுக்கொண்ட முதல் நாள், சரியாகப் பிடித்திருக்கிறேனா என்று நிமிர்ந்து பார்ப்பார்களே, அப்படி.

"ரெண்டு தடவ எடுத்தேன் சார்" என்றேன். "பதினஞ்சு நிமிஷம் உக்கார வச்சு."

ரோஸ்லின் மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பதட்டத்துல அந்தப் பிள்ளைக்கு மறந்திருக்கலாம்" என்று நானே சேர்த்துச் சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

முடிவு: இந்த வருடம் பயிற்சி கிடையாது, தேர்வும் கிடையாது. தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியல் பத்தாம் தேதி பல்கலைக்கழகத்துக்குப் போகும். அதில் அவள் பெயர் இருக்காது.

மார்ச் 1, சனி

இட்லிக்கு அரைத்தேன். துணி துவைத்தேன். தலைவலி.

மார்ச் 3, திங்கள்

பெனிலாவைக் கூட்டிப்போக அவள் அம்மா வந்திருந்தார். கையெல்லாம் ரப்பர் பால் கறை. ஹாஸ்டல் வாசலில் டிரங்குப் பெட்டியோடு நின்றார்கள். நான் பின்பக்கமாகப் போயிருக்கலாம். அவர் பார்த்துவிட்டார்.

"மேடம், எனக்க பிள்ள அப்பிடி உள்ள பிள்ள இல்ல. உங்களுக்குத் தெரியும்லா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியும்மா" என்றேன். அதைத்தான் சொல்ல முடிந்தது. தெரியும்.

அம்மா ஆட்டோ பார்க்கக் கேட்டுக்குப் போனார். பெனிலாவும் நானும் தனியாக நின்றோம். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. மெதுவாகத்தான் கேட்டாள்.

"54ன்னு எப்படித் தோணிச்சு மேடம்?"

எப்படித் தோன்றியது என்று எனக்குத் தெரியும். 61ஐவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தால்தான் நிஜமாக எடுத்தது போல இருக்கும்.

பிறகு அவளே, "சாருக்குத் தையல் பிரிச்சாச்சா?" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை.

"அன்னைக்கு கேஷுவால்டில நான்தான் டியூட்டி மேடம். என் வீட்டுக்காரி உங்க காலேஜ்லதான் வேல பாக்கான்னு சார் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. சட்ட எல்லாம் வாந்தி. மத்தவங்க வரதுக்குள்ள நான் தொடச்சு மாத்திட்டேன். மது வாடைன்னு நோட்ஸ்ல எழுதச் சொன்னார் டாக்டர்." துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "நான் எழுதல. யார்ட்டயும் சொல்லல. கமிட்டியிலயும் சொல்லல. இனியும் சொல்ல மாட்டேன், நீங்க பயப்படாதீங்க."

ஆட்டோ வந்துவிட்டது. பெட்டியின் ஒரு பக்கத்தை அவள் அம்மா பிடித்தார், ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள். நானும் ஒரு கை கொடுக்கப் போனேன். "வேண்டாம் மேடம், கனமில்ல" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

புது மெஷின் வந்துவிட்டது. ஆறு மணிக்கு கேட்டில் நின்றேன். முப்பத்தேழு பேர். எல்லாம் பூஜ்யம்.

மார்ச் 6, வியாழன்

என் வீட்டுக்காரர் குடிக்கிறார். மதிவதனி கைக்குழந்தையாக இருந்த நாளிலிருந்து குடிக்கிறார். பதினொன்றாம் தேதி ரோட்டில் ஈரம் இல்லை. அந்த இரண்டாம் அளவை நான் எடுக்கவில்லை, எழுதினேன்.

எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். சுவர் இடிந்து விழவில்லை. மதிவதனி பாடம் படிக்கும் சத்தம் கேட்கிறது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. இதைச் சொல்ல அந்த அறையில் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து ஒரு பிள்ளையின் ஒரு வருடத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை நான் பயப்படக் கூடாது என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறது.

பட்டியல் பத்தாம் தேதிதான் போகிறது. நாளை வெள்ளி. ரோஸ்லின் மேடம் ஒன்பது மணிக்கெல்லாம் அறையில் இருப்பார். கதவைத் தட்டி இதே நான்கு வரியைச் சொன்னால் அவள் பெயரைச் சேர்த்துவிடலாம். இன்னும் நேரம் இருக்கிறது.

சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு வராந்தா வரை போவேன், ஏதாவது லீவு கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.